காப்பகத்தில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் பூனைக்கு எப்படி வீடு தேடுவது?

மாடிவீடு:
வணக்கம். தென்சென்னையில் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு வார இறுதிகளில் கூடமாட உதவிக்குப் போகிறேன். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, தத்துக்காகப் படம் எடுத்துப் போடுவது, இதுதான் என் வேலை. பூனை அறையில் மிளகு என்று ஒரு பெண் பூனை இருக்கிறது. கறுப்பும் செம்பட்டையும் கலந்து தெளித்த நிறம். பல்லைப் பார்த்த டாக்டர் மூன்று, நான்கு வயது இருக்கும் என்றார். கருத்தடை ஆகிவிட்டது, ட்ரைகேட் (பூனைகளுக்கான தடுப்பூசி), ரேபிஸ் இரண்டு ஊசியும் போட்டாயிற்று, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் யாராவது கூண்டுப் பக்கம் போனால் போதும், மணல் தட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆமாம், கழிக்கிற தட்டுக்குள்தான், அந்தக் கூண்டில் ஒதுங்க வேறு இடம் கிடையாது. காது தலையோடு ஒட்டி, கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து, கையை நீட்டினால் சீறுகிறது. தத்தெடுக்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கூண்டில் கம்பியைப் பிடித்து ஏறி விளையாடும் குட்டிகளிடம் போய்விடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பூனைக்கு வீடு கிடைக்குமா? கிடைத்தால் எந்த மாதிரி வீடு? விளம்பரத்தில் என்ன எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்படப்பேசு:
கோபித்துக்கொள்ள வேண்டாம். சில பூனைகள் வீட்டுக்கு ஆகாது, அவ்வளவுதான். கருத்தடை ஆகிவிட்டதென்றால் ஏதாவது மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டால் அது பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். கூண்டில் வைத்து வதைப்பதைவிட அது மேல். இடம் காலியானால் இன்னொரு பூனைக்கும் ஆகும்.

மதுரைக்காரி:
நேர்படப்பேசு சார், பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது வேறு, தெரியாத மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது வேறு. முதலாவதற்கு முறை இருக்கிறது, கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி, அதே தெருவில் விடுவார்கள். அந்தத் தெருவில் எந்த மாடிப்படி, எந்த வீட்டுச் சாப்பாடு, எந்த நாய் என்று அதற்குத் தெரியும். புதிய இடத்தில் இறக்கினால் அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அடித்துத் துரத்தும், சாலையில் போய் விழும். சோறு தண்ணீருக்கு வழியில்லாமல் தவிக்கிற மாதிரி பிராணியைக் கைவிடுவது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

மாடிவீடு தம்பி (தம்பியா தங்கையா தெரியவில்லை, எதுவானாலும் சரி), மிளகு எங்கிருந்து வந்தது? காது நுனி வெட்டியிருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுப் பூனையா தெருப் பூனையா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

கால்நடைப்பக்கம்:
பெரிய ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன்.

பூனைக்குட்டி மனிதக் கைக்குப் பழகுகிற பருவம் பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ ஏழாவது வாரத்தோடு முடிந்துவிடும். அந்த வாரங்களில் ஒருவர் கையும் படாமல் வளர்ந்த பூனை பெரிதான பிறகு மடியில் வந்து உட்காருவது அபூர்வம். ஆனால் அந்தப் பருவத்தில் நன்றாகப் பழகி, அப்புறம் வீடு இழந்து, கூண்டில் வந்து சேர்ந்த பூனையும் அச்சு அசலாக இதே மாதிரிதான் சீறும். கூண்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். காப்பகத்தில் நாம் பார்ப்பது அதன் பயத்தை, சுபாவத்தை இல்லை.

முதலில் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு அட்டைப் பெட்டி வையுங்கள், பக்கவாட்டில் வாசல் வெட்டி. ஆளைப் பார்க்காமல் ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் அது வெளியே எட்டிப் பார்க்கும். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில், புதிதாக வந்த பூனைகளில் ஏறக்குறைய பாதிக்குப் பெட்டி கொடுத்தும் மீதிக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள், 2014-ல் வெளியான ஆய்வு. பெட்டி கிடைத்தவை சீக்கிரமே தெளிந்துவிட்டன. செலவு இல்லாத வைத்தியம். கூண்டைத் தரையில் வைத்திருந்தால் உயரத்துக்கு மாற்றுங்கள், மூன்று பக்கமும் பழைய துணி போடுங்கள், காப்பகத்து நாய்ச் சத்தம் கொஞ்சமாவது அடங்கும்.

இரண்டாவது, பழைய போன் ஒன்றைக் கூண்டுக்கு எதிரே வைத்து, எல்லோரும் போன பிறகு வீடியோ ஓட விடுங்கள். ஆள் இல்லாதபோது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

ஒரு எச்சரிக்கை. பயத்தில் சாப்பிடாமல் இருந்தால் ரொம்ப நாள் பொறுக்கக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாவிட்டால் கொழுப்பு போய் ஈரலில் படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், அதுவும் கொஞ்சம் குண்டான பூனை என்றால் இன்னும் சீக்கிரம். ‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்று நாய்க்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்லாதீர்கள்.

மாடிவீடு:
டாக்டர் சார், ரொம்ப நன்றி. அக்கா, தம்பிதான்.

காப்பகத்துப் பதிவேட்டைப் பார்த்தேன். மிளகை ஒரு வீட்டிலிருந்துதான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தனியாக இருந்த ஒரு வயதான அம்மா இறந்துபோக, வீட்டை விற்கும்போது பிள்ளைகள் பூனையைக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார்கள். காது வெட்டு இல்லை. இத்தனை நாளும் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பெட்டி வைத்து, சொன்னபடி வீடியோவும் எடுத்தோம். ஆள் நடமாட்டம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து தட்டைக் காலி செய்கிறது, முகம் கழுவுகிறது, பிறகு கூண்டுக் கம்பியில் கன்னத்தை வைத்துத் தேய்க்கிறது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், விடிகாலையில் பெருக்க வருகிற அம்மா உள்ளே வந்தபோது அது ஓடவில்லை. அவர் இதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பாட்டு முனகிக்கொண்டு பெருக்குகிறார், இது பெட்டி வாசலில் வந்து உட்கார்ந்து துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது! நாங்கள் போய் ‘மிளகு, செல்லம், வா வா’ என்று கெஞ்சும்போதுதான் உள்ளே போகிறது.

கால்நடைப்பக்கம்:
பதில் கிடைத்துவிட்டது பாருங்கள். கன்னத்தைத் தேய்ப்பது தன் வாசனையை அங்கே பூசுவது, அந்தச் சுரப்பிகள் கன்னத்தில் இருக்கின்றன. உறைந்துபோன பூனை அதைச் செய்யாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்றுதான், அதைக் கண்டுகொள்வதில்லை. நீங்களும் நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, பார்வை பட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். 2020-ல் பிரிட்டனில் இதைச் சோதித்து எழுதினார்கள், முன்பின் தெரியாத ஆள் இப்படிக் கண்ணை மூடித் திறந்துவிட்டுக் கை நீட்டினால், முகத்தைச் சும்மா வைத்திருக்கும்போதைவிட அதிகமாகப் பூனைகள் கிட்டே வருகின்றன. கையை நீட்டிப் பிடிக்கப் போவது மட்டும் வேண்டாம்.

அரிசிமண்டி:
நான் ரெட்ஹில்ஸ் பக்கம் நெல், அரிசி வியாபாரம். எங்கள் கோடவுனில் எலித் தொல்லை. பூனை கொடுத்தால் வைத்துக்கொள்வேன், பால், மீன் எல்லாம் உண்டு, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், தூக்கிக் கொஞ்ச ஆளும் கிடையாது. மிளகுக்குச் சரிப்படுமா?

மதுரைக்காரி:
அண்ணா, மனசுக்கு நன்றி. ஆனால் மிளகு அந்த அம்மா வீட்டு நாற்காலியில் தூங்கிய பூனை, லாரி வந்து மூட்டை இறங்குகிற இடத்தில் அது ஓடிப்போய்விடும். இன்னொன்று, சுற்று வட்டாரத்தில் யாராவது எலி மருந்து வைத்தால் அந்த எலியைத் தின்கிற பூனைக்கும் விஷம் ஏறும், ரத்தம் உறையாமல் போய்ச் சாகும். உங்கள் கோடவுனில் நீங்கள் வைக்காமல் இருக்கலாம், பக்கத்துக் கோடவுனுக்கு யார் பொறுப்பு? ஆனால் காப்பகத்தில் கை படாமல் தெருவிலேயே வளர்ந்த கடுவன்கள் இரண்டு மூன்று நிச்சயம் இருக்கும், அவற்றுக்கு உங்கள் இடம் நல்ல இடம்தான். மருந்து விஷயத்தை மட்டும் அக்கம்பக்கத்தில் பேசிவிட்டு மாடிவீட்டைக் கேளுங்கள். பால் வேண்டாம், பெரிய பூனைகள் நிறையவற்றுக்கு வயிற்றால் போகும்.

மாடிவீடு:
விளம்பரம் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

“அழகான, கூச்ச சுபாவமுள்ள மிளகுக்கு அன்பான வீடு தேவை. கொஞ்சம் பொறுமையும் நிறைய அன்பும் காட்டினால் உங்கள் செல்லமாக மாறிவிடும். இந்தப் பிஞ்சு உயிருக்கு வாழ்வு கொடுங்கள்.”

கம்பிவலை:
சரியில்லை தம்பி. இதைப் படித்து யார் கூப்பிடுவார்கள் தெரியுமா? அன்பு கொட்டி வழிகிறவர்கள். அவர்களுக்குப் பூனை வேண்டும், தூக்கி மடியில் வைக்க வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும், முதல் நாளே சொந்தக்காரர்களை அழைத்துக் காட்ட வேண்டும். அதில் தப்பில்லை, ஆனால் மிளகு ஒரு வாரத்தில் திரும்ப உங்கள் கூண்டுக்கே வரும், முன்னைவிட மோசமாக. இந்தப் பூனைக்குத் தேவை அன்பான வீடு இல்லை, சுவாரஸ்யமே இல்லாத வீடு. ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே ஆள், கதவு அடிக்கடி திறக்காது, டிவி அலறாது. விளம்பரத்தில் பூனை என்ன செய்யாது என்று எழுதுங்கள். பாதிப் பேர் ஓடிப்போவார்கள், ஓடட்டும்.

“உங்கள் செல்லமாக மாறிவிடும்” என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. மாறாமலும் போகலாம். மாறாவிட்டாலும் வைத்துக்கொள்கிற ஆள்தான் வேண்டும்.

ஜன்னல் வலை பற்றியும் எழுதுங்கள். அடுக்குமாடியில் புறாவுக்குக் கட்டும் நைலான் வலையை நம்பாதீர்கள், பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். துரு ஏறாத கம்பி வலை வேண்டும். பயந்த பூனை புது வீட்டில் முதலில் தேடுவது தப்பிக்கிற வழியைத்தான், பாத்ரூம் வெண்டிலேட்டர் உட்பட. நான் வலை அடிக்கிற தொழிலில் இருப்பதால் சொல்வதாக நினைக்க வேண்டாம் 😄

கருவாட்டுக்குழம்பு:
கம்பிவலை சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் (தூத்துக்குடி) இப்படித்தான் ஒன்று வந்தது. வந்தவுடன் பீரோ அடியில் போனதுதான், பகலில் அதன் வாலைக்கூட யாரும் பார்த்ததில்லை. மாமியார் “பூனை இருக்கிறதா, நீ கதை விடுகிறாயா” என்று கேட்டார். ராத்திரி வைத்த மத்தி மீன் காலையில் இருக்காது, மணலில் அடையாளம் இருக்கும், அதுதான் சாட்சி.

நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஒரே அறையில் வைத்தது. பெரிய வீடு பயந்த பூனைக்கு வசதி இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டிய மூலைகள் கூடுகிறது, அவ்வளவுதான். சின்ன அறை, ஒளிய ஒரு பெட்டி, சாப்பாடு ஒரு மூலை, மணல் எதிர் மூலை. பரணுக்குப் போகும் வழியையும் வாஷிங் மெஷின் பின்பக்கத்தையும் முன்னாலேயே அடைத்துவிடுங்கள், உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு. நான் தினமும் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து பூ கட்டுவேன், அதனோடு பேசக்கூட மாட்டேன். மழைக்காலம் முடியும்போதுதான் நூல் பந்தைப் பிடிக்க ஒரு கை பீரோவுக்கு வெளியே வந்தது. இன்றைக்கும் விருந்தாளி வந்தால் காணாமல் போய்விடும். எனக்கு அது போதும்.

காப்பகத்தில் படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கூடவே கொடுத்துவிடுங்கள். துவைத்தால் வாசனை போய்விடும், பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, கருவாட்டு ஆசை காட்டாதீர்கள். என் பேரைப் பார்த்து யாரும் கேட்க வேண்டாம், உப்பு ஆகாது.

மாடிவீடு:
விளம்பரத்தை மாற்றிவிட்டேன்:

“மிளகு, பெண், மூன்று நான்கு வயது, கருத்தடையும் ஊசிகளும் முடிந்தவை. மடியில் உட்காராது. தூக்க விடாது. வந்த புதிதில் கண்ணிலேயே படாது, பல வாரங்கள் அப்படி இருக்கலாம். ஒரு வீட்டில் வளர்ந்து வீடு இழந்த பூனை, மணல் தட்டுப் பழக்கம் உண்டு. சின்னக் குழந்தைகள், நாய் இல்லாத, சத்தம் குறைந்த வீடு வேண்டும். ஜன்னல்களுக்குக் கம்பி வலை, வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் கட்டாயம். வீட்டில் அசைவம் சமைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பூனைக்கு அசைவம் கொடுக்கச் சம்மதம் வேண்டும்.”

நேர்படப்பேசு:
இதைப் படித்து ஒருத்தன்கூட வர மாட்டான். கல்யாணத் தரகர் பெண் வீட்டுக் குறையை எல்லாம் பட்டியல் போட்ட மாதிரி இருக்கிறது. அந்தக் கடைசி வரி எதற்கு?

மதுரைக்காரி:
தயிர்சாதம் மட்டும் போட்டுப் பூனை வளர்க்கிறவர்கள் நம் ஊரில் நிறைய பேர், அதற்குத்தான். டாரின் என்ற சத்து பூனை உடம்பில் போதிய அளவு உண்டாகாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் போகும், இதயம் பலவீனமாகும். தெருப் பூனை என்றால் தயிர்சாதம் போக எலி, பல்லி என்று பிடித்துச் சமாளிக்கும், வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிற பூனைக்கு அந்த வழி இல்லை.

தம்பி, அடுக்குமாடிச் சங்கத்தில் பூனை கூடாது என்று யாராவது சொன்னால், வளர்ப்பு நாய்களுக்கு அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அதை எடுத்துக்காட்டாகக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் விஷயம் வேறு, மனக்கசப்பு வந்தால் பூனைதான் வெளியே போகும், அதனால் முன்கூட்டியே கேட்பது நல்லது.

மாடிவீடு:
நேர்படப்பேசு சார் சொன்ன அளவுக்கு மோசமில்லை, நான்கைந்து பேர் கூப்பிட்டார்கள்.

ஒருவர் படத்தைப் பார்த்து ரொம்பப் பிடித்துப்போய்ப் பேசினார், எல்லாம் முடிந்த பிறகு, நிறம் கறுப்பாக இருக்கிறதே, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வந்தால் என்ன செய்வது என்றார். வீட்டில் வளர்க்கிற பூனை எதிரே வராமல் எப்படி இருக்கும்? இன்னொருவர் மகள் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்டார். ஒரு தம்பதி நல்லவர்களாகத் தெரிந்தார்கள், நேரில் வந்து பூனை அறையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் அந்த அக்கா ஆறு மாத கர்ப்பம், கர்ப்பிணிக்குப் பூனை ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். டாக்டர் சார், இது உண்மையா?

கால்நடைப்பக்கம்:
பாதி உண்மை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி சில பூனைகளின் மலத்தில் வெளிவரும், கருவில் இருக்கும் குழந்தைக்கு அது கெடுதல். ஆனால் மலத்தோடு வந்த முட்டை அடுத்தவருக்குத் தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். மணலைத் தினமும் வேறு யாராவது அள்ளிப் போட்டால் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் இதே அளவுக்குக் கவனிக்க வேண்டியவை. அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் மிளகை அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், காரணம் வேறு. மூன்று மாதத்தில் கைக்குழந்தையும் பார்க்க வருகிற கூட்டமும் வரும். இந்தப் பூனைக்கு அது தாங்காது.

மாடிவீடு:
இன்னொருவர் கூப்பிட்டார். பெருங்குடியில் தனியாக இருக்கிறார், மெடிக்கல் கோடிங்கில் ராத்திரி ஷிஃப்ட், வீட்டிலிருந்தே வேலை. பகலில் திரை போட்டுத் தூங்குவார், ராத்திரி முழுக்க லேப்டாப் முன்னால். “என்னைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள், பேசவும் மாட்டேன், பூனை ஒளிந்துகொண்டால் எனக்கு ஒன்றும் இல்லை” என்றார். இதுவரை பூனை வளர்த்ததில்லை. காப்பகத்தில் மற்றவர்கள் அனுபவம் இல்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கம்பிவலை:
கொடுங்கள். நாலு பூனை வளர்த்தவர் தனக்கு எல்லாம் தெரியும் என்று முதல் நாளே கையை விடுவார். இவர் சொன்னதைக் கேட்பார். மிளகு விழித்திருக்கிற ராத்திரி நேரத்தில் இவரும் விழித்திருக்கிறார், வேறென்ன வேண்டும்? ஒரேயடியாகத் தத்து என்று எழுதி வாங்காமல், கொஞ்ச காலம் அடைக்கலம் மாதிரி கொடுங்கள், சரிப்படாவிட்டால் திட்டாமல் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று சொல்லுங்கள். அந்த நிம்மதி இருந்தால் மனிதர் பொறுமையாக இருப்பார்.

கருவாட்டுக்குழம்பு:
தீபாவளி வருகிறது, ஞாபகம் இருக்கட்டும். வெடி ஆரம்பிப்பதற்கு ஒரு மாதமாவது முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் வெடி ஓய்ந்த பிறகு கொடுங்கள். புது வீடும் லட்சுமி வெடியும் ஒன்றாக வேண்டாம்.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி, கம்பிவலை அண்ணன் சொன்ன ஏற்பாட்டில்தான் கொடுத்தோம், தீபாவளி முடிந்த பிறகு. டாக்டர் சார் கிளினிக்கில் காட்டி, கிளம்புவதற்கு முன்னால் பயம் குறைய மாத்திரை (காபாபென்டின்) எடைக்குத் தக்கபடி வாங்கிக்கொண்டோம், மேல்பக்கம் திறக்கிற கேரியரில் (பூனையைக் கொண்டுபோகிற கூடை) பெட்டியோடு அப்படியே இறக்கியதால் யாருக்கும் கீறல் இல்லை. பெருக்குகிற அம்மா மட்டும் வந்து கேரியரைப் பார்த்து, “போய் ஒழுங்காகச் சாப்பிடு” என்று அதட்டினார்.

இப்போது சமையலறை மேடைக்குக் கீழே குடித்தனம். சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறது. அவர் ராத்திரி மீட்டிங்கில் பேசும்போது மேடை அடியிலிருந்து வெளியே வந்து உட்காருகிறதாம், பேச்சு நின்றால் உள்ளே போய்விடுகிறதாம். தொடவில்லை, தொட முயலவும் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது என்று நேற்றுச் சொன்னார்.

கால்நடைப்பக்கம்:
ஒருவேளை பழைய சளிக் கிருமியாக இருக்கலாம், பூனை ஹெர்பிஸ். ஒரு தடவை வந்தால் உடம்பிலேயே தங்கிவிடும், இடம் மாறுகிற அலைச்சலில் தலைகாட்டும். நீர் தெளிவாக இருந்து, நன்றாகச் சாப்பிட்டால் இரண்டு நாள் பார்க்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை வந்தால், கண்ணைச் சுருக்கி மூடிக்கொண்டால், சாப்பாடு குறைந்தால், உடனே காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிற கண் சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண்ணைக் கெடுத்துவிடும். மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கூடாது, பூனையைக் கொன்றுவிடும். இதை அவருக்கு இன்றே சொல்லிவிடுங்கள், புதியவர்.

அரிசிமண்டி:
எனக்குச் சொன்ன கடுவன்கள் என்ன ஆயிற்று தம்பி? பக்கத்துக் கோடவுன்காரரிடம் பேசிவிட்டேன், மருந்து வைப்பதை நிறுத்திப் பொறிக்கு மாறிவிட்டார். பாலும் கொடுக்க மாட்டேன், போதுமா?

மாடிவீடு:
மன்னிக்கவும் அண்ணா, ஒன்றுக்கு ரேபிஸ் ஊசி பாக்கி இருந்தது, போட்டாயிற்று. இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறோம், ஒன்றாகத் திரிபவை. வந்தவுடன் வெளியே விட்டால் திரும்ப வராது, முதல் சில வாரங்கள் உள்ளே ஒரு அறையில் அடைத்து வைத்து அங்கேயே சாப்பாடு போட வேண்டும். அப்படிக் கதவு உள்ள அறை இருக்கிறதா? ஞாயிறு காலை வந்து பார்க்கிறேன்.

அரிசிமண்டி:
பழைய சாக்கு வைக்கிற அறை இருக்கிறது, ஜன்னலுக்குக் கம்பி உண்டு. கம்பிவலை அண்ணன் நம்பர் கிடைத்தால் நல்லது, தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள்.